ஒரு கைக்கு மட்டும் இடம்

(ஒரு மாலைக் கூட்டத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறேன்.)



சில ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பில் இருந்த ஆய்வகத்தில் ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கெட்டிக்காரி. ஓர் இரவு, நினைவில்லாமல் கிடந்த ஓர் இளைஞனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். போதைமருந்து ஏதாவது உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீரை அனுப்பினார்கள். அந்தப் பெண் பட்டையில் நாலு சொட்டு விட்டாள். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். பளிச்சென்று இரண்டு கோடுகள். ‘பாசிட்டிவ்’ என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

அந்தப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தால் மருந்து இல்லை என்று அர்த்தம். மருந்து இருந்தால் ஒரு கோடு காணாமல் போகும்.

நல்லவேளை, மருத்துவர் சந்தேகப்பட்டு எனக்குத் தொலைபேசினார். அந்தப் பெண்ணை நான் திட்டவில்லை, திட்ட எனக்கு யோக்கியதையும் இல்லை. கர்ப்பச் சோதனைப் பட்டையிலும் கொரோனா பட்டையிலும் இரண்டு கோடு என்றால் ‘உண்டு’ என்றுதான் ஊரே படித்து வைத்திருக்கிறது. போதைமருந்துப் பட்டையில் மட்டும் அது தலைகீழ் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அது ஏன் தலைகீழ் என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

முதலில் பெயர்த் தகராறைத் தீர்த்துவிடுவோம். நம் உடம்பு, அந்நியப் பொருளைப் பிடிக்கச் செய்து வைத்திருக்கும் புரதத்துக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘எதிர்ப்பொருள்’ என்கிறது. இலங்கைப் பாடநூல் ‘பிறபொருளெதிரி’ என்கிறது. இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும்; எதை எதிர்க்கிறது என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வது ‘ஆன்டிபாடி’தான். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள் உண்டு. மொத்த எடை சுமார் 1,50,000 டால்டன். டால்டன் என்பது மூலக்கூறுகளை நிறுக்கும் எடைக்கல். ஒரு ஹைட்ரஜன் அணு ஏறக்குறைய ஒரு டால்டன். கர்ப்பிணியின் சிறுநீரில் வரும் ஹார்மோன் 37,000 டால்டன் அளவுக்கு இருக்கும். மார்ஃபினோ வெறும் 285.

பெரிய பொருளைப் பிடிப்பது வீட்டுக்கு உத்தரம் தூக்குவது மாதிரி. இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். கர்ப்பச் சோதனைப் பட்டையில் நடப்பது அதுதான். ஒரு ஆன்டிபாடி கோட்டில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று தங்கத் துகளைச் சுமந்துகொண்டு சிறுநீரோடு ஓடிவருகிறது. நடுவில் ஹார்மோன் இருந்தால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ளும். தங்கத் துகள் கோட்டில் சேர்ந்து நிறம் தெரியும்.

மார்ஃபினை அப்படித் தூக்க முடியாது. அது புளியங்கொட்டை. ஒருவர் உள்ளங்கையில் மூடிக்கொண்டால் இன்னொருவர் தொடுவதற்கு வெளியே எதுவும் மிஞ்சாது. ஒரு கைக்கு மட்டும்தான் இடம். அதனால் பட்டையைச் செய்பவர்கள் வேறு வழி பார்த்தார்கள். கோட்டில் ஆன்டிபாடிக்குப் பதிலாக மருந்தையே, ஒரு புரதத்தோடு பிணைத்து, ஒட்டி வைத்தார்கள். தங்கத் துகளோடு ஓடிவரும் ஆன்டிபாடியின் கை காலியாக இருந்தால் கோட்டில் இருப்பதைப் பிடிக்கும், நிறம் வரும். வழியிலேயே சிறுநீரில் மார்ஃபின் கிடைத்துவிட்டால் கை நிறைந்துவிடும். கோட்டைத் தாண்டிப் போய்விடும். கோடு விழாது. இன்னொரு கோடு எப்போதும் விழும். பட்டை வேலை செய்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. இவ்வளவு சின்னப் பொருளுக்கு ஆன்டிபாடி எப்படிக் கிடைத்தது? சுமார் 1,000 டால்டனுக்குக் கீழே இருப்பதை உடம்பு பொதுவாகக் கண்டுகொள்வதே இல்லை. கண்டுகொண்டால் காலை காபிக்கும், ரசத்து மிளகுக்கும், தலைவலி மாத்திரைக்கும் நாம் ஆன்டிபாடி செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர். ரத்த வகைகளைக் கண்டுபிடித்தவர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1930-இல் நோபல் பரிசும் அதற்குத்தான். ஆனால் என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வேலை வேறு. முதல் உலகப் போருக்குப் பிறகு வியன்னாவில் பிழைக்க முடியாமல் ஹாலந்து போய், ஹேக் நகரத்தில் ஒரு சிறிய கத்தோலிக்க மருத்துவமனையில் அன்றாடச் சோதனைகள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில், 1921-இல், அவர் வைத்த பெயர்தான் ‘ஹாப்டென்’. பற்றிக்கொள்வது என்று பொருள் தரும் கிரேக்க வேரிலிருந்து எடுத்த சொல். பற்றப்படும், ஆனால் தனியாக நின்று ஆன்டிபாடியைத் தூண்டாது: அதுதான் ஹாப்டென்.

அவர் கையாண்ட உத்தி துணிச் சாயப் பட்டறையிலிருந்து வந்தது. அசோ சாயங்களைச் செய்யும் அதே வேதியியலைக் கொண்டு சின்ன மூலக்கூறுகளைப் புரதத்தின் மேல் தைத்து முயலுக்குச் செலுத்தினார். பெரிய புரதத்தின் முதுகில் ஏறிக்கொண்டு போனால் முயலின் உடம்பு கவனிக்கிறது. ஆன்டிபாடி செய்கிறது. அந்த ஆன்டிபாடிகளில் ஒரு பங்கு, முதுகில் இருந்த சின்னதையே குறிபார்த்துப் பிடிக்கிறது.

அதோடு விட்டாரா? இல்லை. எவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்கிறது என்று சோதித்தார். ஆறு மூலை வளையம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் சல்ஃபோனிக் அமிலக் குழு. புரதத்தோடு இணையும் மூலை அதற்கு அடுத்து இருக்கலாம், ஒன்று தள்ளி இருக்கலாம், நேர் எதிரிலும் இருக்கலாம். அணுக்கள் அவ்வளவும் ஒன்றே, இடம்தான் வேறு. ஒன்று தள்ளி இருப்பதை வைத்து முயலிடம் ஆன்டிபாடி வாங்கினால், அது தனக்குரியதை இறுகப் பிடித்தது. அடுத்தடுத்து இருப்பதைத் தொய்வாகப் பிடித்தது. நேர் எதிரில் இருப்பதைக் கிட்டத்தட்டச் சீந்தவே இல்லை. பிறகு டார்டாரிக் அமிலம். நம் புளிக்குழம்பின் புளிப்பு அதுதான். அதற்கு வலக்கை வடிவம், இடக்கை வடிவம், இரண்டும் தமக்குள்ளேயே ஈடாகிப்போன மூன்றாவது வடிவம் என்று உண்டு. மூன்றையும் ஆன்டிபாடிகள் பிரித்து அறிந்தன. நாக்கால் முடியாத காரியம்.

இந்தச் சோதனைகளுக்கு நடுவில் அவர் ஒரு காரியம் செய்தார். புரதத்தில் தைக்காத சின்ன மூலக்கூறைத் தனியாக ஆன்டிபாடியோடு முதலில் கலந்தார். பிறகு தைத்ததைச் சேர்த்தார். வழக்கமாக அடியில் படியும் படிவு வரவில்லை, அல்லது குறைவாக வந்தது. கைகள் முன்பே நிறைந்துவிட்டன. அன்றைக்கு இரவு அந்தப் பெண் பார்த்திருக்க வேண்டிய ‘விழாத கோடு’ இதுவேதான். ஆனால் லாண்ட்ஸ்டெய்னர் இதை ஆன்டிபாடியின் குணத்தை அறியப் பயன்படுத்தினார். ரத்தத்தில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கருவியாக அதைப் பார்க்கவில்லை.

அப்படிப் பார்க்க இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை. அங்கே துப்புரவுப் பொருள்கள் வைக்கும் அறையை ஆய்வகமாக மாற்றிக்கொண்டு வேலை பார்த்தவர் ரோசலின் யாலோ, இயற்பியல் படித்தவர். அவரோடு சேர்ந்தவர் மருத்துவர் சாலமன் பெர்சன். கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினை நோயாளிகளுக்குச் செலுத்தி, எவ்வளவு வேகமாக ரத்தத்திலிருந்து மறைகிறது என்று பார்த்தார்கள். முன்பே இன்சுலின் போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்தில் அது மறையாமல் தங்கியது. ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. ஆன்டிபாடி என்றார்கள்.

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். மார்ஃபினைப் போல அவ்வளவு பொடி இல்லை. ஆனாலும் ஆன்டிபாடியைத் தூண்ட அது போதாது என்பது அன்றைய பெரியவர்களின் துணிபு. கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டது. கடைசியில் 1956-இல் தலைப்பில் ‘ஆன்டிபாடி’ என்ற சொல்லை விட்டுவிட்டு, ‘இன்சுலினைப் பிணைக்கும் குளோபுலின்’ என்று மாற்றிய பிறகே அச்சேறியது. யாலோ அந்த மறுப்புக் கடிதத்தை மறக்கவில்லை. 1977-இல் நோபல் உரையிலேயே அதை எடுத்துக் காட்டினார். பெர்சன் 1972-இலேயே காலமாகிவிட்டார். பரிசு இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

அவர்கள் செய்ததை நம் ஊர் பேருந்தை வைத்துச் சொல்கிறேன். பேருந்தில் ஐம்பது இருக்கை. அதுதான் ஆன்டிபாடி. தோளில் சிவப்புத் துண்டு போட்ட நூறு பேரை நாமே ஏற்றுகிறோம். அவர்கள்தான் கதிரியக்கம் ஏற்றிய இன்சுலின். வேறு யாரும் வராவிட்டால் ஐம்பது துண்டுகள் உட்கார்ந்திருக்கும். துண்டில்லாத ஊர்க்காரர்களும் கூட்டமாக ஏறினால், அவர்களும் முண்டியடித்து உட்காருவார்கள். உட்கார்ந்த துண்டுகள் குறையும். இருக்கையில் எத்தனை துண்டு என்று எண்ணினால் போதும். எத்தனை ஊர்க்காரர்கள் வந்தார்கள் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஊர்க்காரர் ஒருவரையும் நாம் எண்ணவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கணக்குக்குப் பொருளின் உருவம் பெரிதாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு கைக்கு இடம் இருந்தால் போதும். தைராய்டு ஹார்மோன், கார்டிசால், ஈஸ்ட்ரடியால் என்று வரிசையாக வந்தன. 1974-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில், பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுத்துக் காகிதத்தில் உலர்த்திய ரத்தத்தில் தைராக்சினை அளந்து, மூளை வளர்ச்சி குன்றப்போகும் குழந்தைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். பிறகு கதிரியக்கத்தின் இடத்தில் நொதிகள் வந்தன, ஒளிரும் சாயங்கள் வந்தன. 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே அச்சில் வார்த்த ஆன்டிபாடிகளைச் செய்யும் வழி சொன்னார்கள். இந்த வரலாற்றை வேகமாகத் தாண்டுகிறேன். எனக்கு ருசியான விஷயம் அடுத்தது.

கைப்பிடி. சின்ன மூலக்கூறைப் புரதத்தில் தைக்கிறோம் அல்லவா, எந்தப் பக்கத்தில் தைக்கிறோம் என்பதில்தான் எங்கள் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. அகப்பையைக் காம்பில் பிடித்துத் தூக்கிக் காட்டினால் பார்ப்பவருக்குக் குழிதான் தெரியும். காம்பின் நுனி நம் கைக்குள் மறைந்துவிடும். ஆன்டிபாடியும் தைத்த இடத்துக்குத் தூரமான பக்கத்தையே நன்றாகப் பார்க்கிறது. தையலுக்கு அருகில் இருக்கும் மாற்றங்களில் அது அரைக்குருடு.

கார்டிசாலை மூன்றாம் எண் கார்பனில் தைப்பது பழைய வழக்கம். கார்டிசாலுக்கும் பிரட்னிசோலோன் மாத்திரைக்கும் உள்ள வித்தியாசமோ ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு, அதுவும் ஒன்றாம் இரண்டாம் கார்பன்களுக்கு நடுவே, தையலுக்குப் பக்கத்து வீடு. பிறகு என்ன? பல கார்டிசால் சோதனைகள் பிரட்னிசோலோனையும் கார்டிசால் என்றே எண்ணித் தள்ளின. ஆஸ்துமாவுக்கு மாத்திரை சாப்பிடுபவரின் அட்ரினல் சுரப்பி அரைத் தூக்கத்தில் இருக்க, அறிக்கையில் எண் கம்பீரமாக வரும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு. கசகசா. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களிடம் ‘பெட்டியில் கசகசா வைத்துவிடாதே’ என்று பெரியவர்கள் சொல்லி அனுப்புவது வெறும் பயம் இல்லை. அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை அது. மிகச் சிறிதளவு மார்ஃபின் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் அரசு ஊழியர்களுக்கான சிறுநீர்ச் சோதனையில் ஒரு மில்லிலிட்டரில் 300 நானோகிராம் என்று இருந்த வரம்பை 1998-இல் 2,000 ஆக உயர்த்தினார்கள். கசகசா தூவிய ரொட்டி சாப்பிட்டவர்கள் மாட்டிக்கொண்டதும் அதற்குக் காரணம். இங்கே ஆன்டிபாடி தவறு செய்யவில்லை. மார்ஃபின் இருக்கிறது, பிடித்தது. அது குருமாவிலிருந்து வந்ததா, ஊசியிலிருந்து வந்ததா என்று சொல்வது அதன் வேலை அல்ல.

அடுத்து, நம் பாலில் வரும் ஒரு சின்ன மூலக்கூறு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு காரணம் என்று தெரிந்தது. அஃப்லாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். எடை 312 டால்டன். ஈரம் காயாத கடலையில் இங்கேயும் அந்தப் பூஞ்சை வரும். அந்தப் பிண்ணாக்கை மாடு தின்றால், அதன் ஈரல் நஞ்சைச் சற்றே மாற்றி மடிக்கு அனுப்பிவிடும். நம் நாட்டில் ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 2018-இல் எடுத்த தேசியப் பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 5.7 விழுக்காடு அந்த வரம்பைத் தாண்டின. அதிகம் கிடைத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பால்காரர் தண்ணீர் கலந்தார் என்று சண்டை போடுகிறோம். பிண்ணாக்கு மூட்டை எங்கே அடுக்கியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஹைதராபாத்துக்கு அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம், நொதியை வைத்து அளக்கும் மலிவான எலைசா முறையை உருவாக்கியது இந்தக் கேள்வியைக் களத்திலேயே கேட்பதற்குத்தான்.

இனி டிஜாக்சின். இதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு.

இதயத்துக்கான பழைய மருந்து. 781 டால்டன். குறைந்தால் பயனில்லை, கொஞ்சம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். பொதுவாக ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவில் வைத்திருக்கப் பார்ப்பார்கள். அது எவ்வளவு? இருபது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் ஆழமுள்ள ஒரு சின்னக் கோயில் குளத்தில் ஒரு கிராம். அதை அளக்க 1960-களுக்கு முன்பு எளிய வழி இல்லை. 1967-இல் நியூயார்க்கில் பட்லரும் சென்னும் டிஜாக்சினின் சர்க்கரை முனையைப் புரதத்தில் தைத்து ஆன்டிபாடி வாங்கினார்கள். 1969-இல் பாஸ்டனில் தாமஸ் ஸ்மித் குழுவினர் பட்லரோடு சேர்ந்து அளக்கும் முறையை வெளியிட்டார்கள்.

அப்படிப்பட்ட ஆன்டிபாடி ஒன்றின் உருவத்தை 1993-இல் எக்ஸ்ரே படிகவியலால் பார்த்தார்கள். ஆன்டிபாடியின் நுனியில் ஆழமான ஒரு பை. டிஜாக்சின் அதற்குள் தலைகுப்புற இறங்கியிருக்கிறது. தைத்த சர்க்கரை முனை வெளியே. எதிர்முனை பையின் அடியில். காம்பும் குழியும் நினைவிருக்கிறதா? இவ்வளவு இறுக்கமான பிடிப்புக்குக் காரணம் வலுவான தனிப் பிணைப்பு எதுவும் இல்லை. எண்ணெய்த்தன்மையுள்ள வளையங்கள் நெருக்கமாகப் பொருந்துவதுதான். உறைக்குள் கத்தி போல.

உறை கத்தியின் பெயரைக் கேட்பதில்லை. இங்கேதான் யாழ்ப்பாணம் வருகிறது.

மஞ்சள் அரளியை, பொன்னரளி என்றும் சொல்வார்கள், நீங்கள் வேலியோரங்களில் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள நஞ்சுகள் டிஜாக்சினின் பங்காளிகள். ஏறக்குறைய அதே ஸ்டீராய்டு உடல், அதே வளையமுனை. பெரிய வித்தியாசம் சர்க்கரை வாலில்தான். 1980-களிலிருந்து இலங்கையின் வடக்கில் தொடங்கி, பிறகு தீவின் மற்றப் பகுதிகளிலும், அந்த நஞ்சால் மருத்துவமனைக்கு வருபவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். பெரும்பாலோர் இளையவர்கள். ஒரு கணக் கோபத்தில் செய்துவிட்டு, பிழைக்க வேண்டும் என்று தவித்தவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

அமெரிக்காவில் டிஜாக்சின் நஞ்சுக்கு அதற்குள் ஒரு மாற்றுமருந்து இருந்தது. ஆட்டின் உடம்பில் வளர்த்த டிஜாக்சின் ஆன்டிபாடியை எடுத்து, பப்பேன் நொதியால் வெட்டி, கைகளை மட்டும் பிரித்தெடுப்பார்கள். பப்பேன் வேறொன்றுமில்லை, கறி மெத்தென்று வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதில் இருப்பதுதான். வெட்டிய கை 50,000 டால்டன். நஞ்சைப் பிடித்துக்கொண்டு சிறுநீரோடு போய்விடும். இந்தக் கை அரளி நஞ்சையும் பிடிக்குமா? சோதனைக்குழாயில் குறுக்குப் பிடிப்பு என்று நாங்கள் வைகிற அதே குறை இங்கே உயிர் காக்குமா? இலங்கையில் அதை முறையாகச் சோதித்தார்கள். மைக்கேல் எடில்ஸ்டன் குழுவினரின் முடிவு 2000-இல் லான்செட் இதழில் வந்தது. பிடித்தது. மருந்து பெற்றவர்களின் இதயத் துடிப்பு, பெறாதவர்களுக்கு முன்பே ஒழுங்குக்கு வந்தது.

ஆனால் விலை. கிராமத்து மருத்துவமனை தாங்கும் விலை இல்லை. கொஞ்ச காலம் வந்த மருந்து பிறகு நின்றது. 2003-இல் அதே லான்செட்டில் அதே குழுவினர் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். வாங்கக்கூடிய விலையில் மாற்றுமருந்து இல்லாததால் நேர்ந்த சாவுகள் என்பதுதான் அதன் தலைப்பு. ஆண்டுக்கொரு புது எலைசா கருவிக்குக் கண்காட்சி நடக்கிற உலகத்தில், ஆட்டு ஆன்டிபாடியை மலிவாகச் செய்ய ஆள் இல்லை என்பதை நான் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். அரளி நஞ்சு ஏறியவரின் ரத்தத்தை டிஜாக்சின் சோதனையில் வைத்தால் ஓர் எண் வரும். அந்த எண்ணை நம்பி நஞ்சின் அளவைச் சொல்லக் கூடாது. அந்தக் கை அரளியை எந்த அளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பது சோதனைக் கிட்டுக்குக் கிட்டு வேறு. ‘உள்ளே போயிருக்கிறது’ என்று மட்டும் சொல்லலாம். டிஜாக்சின் நஞ்சுக்கு மாற்றுமருந்து கொடுத்த பிறகு நிலைமை இன்னும் வேடிக்கை. 1976-இல் பாஸ்டனில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இதைக் கொடுத்தபோதே கண்டார்கள். ஆன்டிபாடிக் கைகள் இதயத் தசையிலிருந்து டிஜாக்சினைப் பிடுங்கி ரத்தத்துக்கு இழுத்து வருகின்றன. பிடிபட்ட டிஜாக்சின் யாரையும் கடிக்காது. ஆனால் மொத்தமாக அளந்தால் அளவு பத்து மடங்குக்கும் மேல் ஏறுகிறது. இரவுப் பணியில் இருப்பவர் அந்த எண்ணைப் பார்த்துப் பதறி வார்டுக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார். மறுமுனையில் நர்ஸ் சொல்வார்: நோயாளி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிறார், என்ன செய்யட்டும்?